லூர்துக்கு எடுத்த பாஸ்போர்ட்

நான் பாஸ்போர்ட் எடுத்ததே பிரான்ஸில் இருக்கும் லூர்து மாதா திருத்தலத்துக்குப் போவதற்காகத்தான். ஆனால் அதில் விழுந்த முதல் வெளிநாட்டு முத்திரை இலங்கையில், காங்கேசன்துறைத் துறைமுகத்தில் குத்தியது.

அதே வருஷம் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் பெரியம்மா மகன், அண்ணன், லூர்து போய்ப் பன்னிரண்டு நாள் நோயாளிகளுக்குப் பணி செய்துவிட்டு வந்தான். நான் இலங்கையில் மடு மாதா கோயிலுக்குப் போய், மன்னார் பக்கம் சிஸ்டர்மார் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்து நான்கு நாள் இருந்தேன். ஊர் திரும்பியதும் பங்கு இளைஞர் கூட்டத்தில் இரண்டு பேரையும் பேசச் சொன்னார்கள். அவன் திரை கட்டிப் படம் காட்டினான். என்னிடம் காட்டுகிற மாதிரி படம் இல்லை. டீ குடிக்கும்போது நாலைந்து பேர் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "அக்கா, போனா எங்கே போகலாம்?"

நான் மடு பக்கம் சாய்ந்தவள். லூர்து பற்றி இங்கே எழுதுவது அண்ணன் சொல்லக் கேட்டதும், போகத் தயாரான எட்டு மாதத்தில் நானே தேடிப் படித்ததும்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது, ஏஜென்சி பேக்கேஜ். பாத்திமா, லூர்து, ரோம் என்று பத்து நாள் பஸ்ஸில் சுற்றிக் காட்டுவார்கள், அல்லது எருசலேம். எருசலேம் போகிறவர்களுக்குத் தமிழக அரசு 37,000 ரூபாயும் அருட்சகோதரிகளுக்கு 60,000 ரூபாயும் மானியம் தருகிறது. அம்மா அப்பாவை அனுப்ப நல்ல வழி. கூடவே ஒரு சாமியார் வருவார், சாப்பாட்டுக்கு ரசம்கூடக் கிடைக்கலாம். இருபத்து மூன்று வயதில் பணியும் செய்யவேண்டும் என்று கிளம்புகிறவருக்கு அதில் வேலை ஒன்றும் இல்லை. அதோடு விடுகிறேன்.

லூர்தில் பணி என்பது நன்றாகக் கட்டிவைத்த ஏற்பாடு. 1858 பிப்ரவரி 11 தொடங்கி பெர்நதெத் என்கிற பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் பதினெட்டு முறை மாதா காட்சி கொடுத்தார் என்பது நமக்கெல்லாம் மறைக்கல்வி வகுப்பிலேயே தெரியும். அங்கே வருகிற நோயாளிகளைக் கவனிக்க 1885-லேயே ஒரு தொண்டர் சபை உண்டாகிவிட்டது. பதினெட்டு வயது முடிந்திருந்தால் பதிவு செய்யலாம். போக்குவரத்து, தங்கல், சாப்பாடு எல்லாம் நம் செலவு. போய் இறங்கியதும் பயிற்சி கொடுத்து, எந்த இடம், எத்தனை மணி என்று அட்டவணை போட்டுக் கையில் தந்துவிடுவார்கள்.

அண்ணனுக்கு ரயில் நிலையத்தில் பாதி நாள், மாதா காட்சி கொடுத்த குகையான கெபி பக்கம் பாதி நாள். நோயாளிகளை உட்காரவைத்து இழுக்கிற நீல வண்டி ஒன்று உண்டு. முன்னால் ஒரு கைப்பிடி, மேலே மடக்குக் கூடாரம், நம் பக்கத்துக் கைரிக்ஷாவுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். அதைத்தான் பெரும்பாலும் இழுத்திருக்கிறான். கொரோனாவுக்குப் பிறகு ஊற்றுத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி முழுக்காட்டுவது குறைந்து, கைகளில் ஊற்றும் நீரால் முகம் கழுவி, கொஞ்சம் குடிப்பதே வழக்கமாகியிருக்கிறது. அங்கேயும் இரண்டு நாள் நின்றிருக்கிறான். இரவு ஒன்பது மணி மெழுகுவத்தி பவனியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவனுக்குக் குரல் மாறும்.

சரி, நான் ஏன் போகவில்லை? முதல் காரணம் பாஸ்புக்.

பிரான்ஸ் போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. மறுத்தால் திரும்ப வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். அதெல்லாம்கூடச் சமாளிக்கலாம், வங்கிக் கணக்குத்தான் இடித்தது. நான் அப்போது எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன், அப்பா பெயரில்தான் காகிதம். சம்பா அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் மாசியில் ஒரே நாளில் கணக்கில் ஏறும். பங்குனிக்குள் கூட்டுறவுக் கடன், நகைக்கடன் வட்டி என்று இறங்கிவிடும். சித்திரையில் பார்த்தால் வைப்பில் நாலாயிரத்துச் சொச்சம். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, அதனால் ரிட்டர்ன் காகிதமும் கிடையாது. விண்ணப்பம் பார்த்துக் கொடுக்கிறவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு அப்ளை பண்ணாதீங்கம்மா, காசு போயிடும்" என்றார். எட்டவில்லை, அதனால் புளிக்கிறது என்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்ச நாள் எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. இப்போது வேலை கிடைத்துவிட்டது, மாதச் சம்பளம் கணக்கில் விழுகிறது, லூர்து எட்டும். இருந்தும் மறுபடி மடுவுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

இலங்கைக்குப் போவது டெல்டாக்காரர்களுக்கு ஏறக்குறைய பக்கத்து ஊர் விவகாரம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் ஒத்துழைக்காது, கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் திட்டம் போடாதீர்கள். முப்பது நாள் சுற்றுலா அனுமதியை இணையத்திலேயே வாங்கலாம். நான் திருப்பயணியாகப் போய், சிஸ்டர்மாருக்கு விருந்தாளியாகத் தங்கி, கூடமாட உதவினேன். மாதக்கணக்கில் பணி என்றால் துறவற சபை வழியாக அதற்குரிய விசாவைக் கேட்டுக்கொண்டு போவதே முறை. செலவு? கப்பல், பஸ், காணிக்கை எல்லாம் சேர்த்தும் அண்ணனின் விமான டிக்கெட்டில் பாதி வரவில்லை. வீட்டில் அம்மா சம்மதித்ததற்குக் காரணம் செலவு இல்லை. "சிஸ்டர்மார் கூட இருக்காங்கல்ல" என்று நாலு தரம் கேட்டுக்கொண்டார்.

கல்லணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரம் கிளம்பினேன். மடுவில் இரண்டு பெரிய திருவிழா: ஜூலை 2-லும் ஆகஸ்ட் 15-லும். முதலாவதை அங்கே ஆடித் திருவிழா என்கிறார்கள். நமக்கு ஜூலை 2 ஆனி மாதம். அவர்களுக்கு ஜூலை என்றாலே ஆடி. காட்டுக்கு நடுவே கோயில். குடும்பம் குடும்பமாக வந்து மரத்தடியில் தார்ப்பாய் கட்டி, மூன்று கல் வைத்துச் சமைத்து, நாள் கணக்கில் தங்குகிறார்கள். ஒரு கொட்டகையில் தமிழ்ச் செபமாலை, அடுத்ததில் சிங்களம். டச்சுக்காரர்கள் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், 1670-ல், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஒளித்துவைத்த காடு இது. அந்த மண் பாம்புக்கடியிலிருந்து காக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு, ஆளுக்கொரு கைப்பிடி அள்ளிப்போகிறார்கள். வெளிநாட்டு மண்ணை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் நான் அள்ளவில்லை. வயலில் நிற்கிற அப்பாவுக்கு அது இன்னும் மனக்குறை.

திருவிழா முடிந்து முதியோர் இல்லத்துக்கு வந்தேன். முதல் மூன்று நாள் எனக்கு வேலையே இல்லை. இதைக் கட்டாயம் சொல்லவேண்டும். லூர்து மாதிரி அட்டவணை கிடையாது, பயிற்சி கிடையாது. "வந்தனீங்கள்தானே, இருங்கோ" என்றார் சிஸ்டர். வெங்காயம் உரித்தேன், கொடியில் துணி எடுத்தேன், கொசுக்கடி வாங்கினேன். எதற்கு வந்தோம் என்றிருந்தது. நான்காம் நாள், கை நடுங்கும் ஒரு ஆச்சிக்கு மதியக் கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள்.

மூன்றாவது கரண்டியில் ஆச்சி, "ஆறுதலா, பிள்ளை, ஆறுதலா" என்றார். எனக்குத் திக்கென்றது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதீங்க பாட்டி, மாதா பார்த்துக்குவாங்க" என்றேன். ஆச்சி என்னை விநோதமாகப் பார்த்தார். வாசல்படியிலிருந்த சிஸ்டர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வாளித் தண்ணீர் சிந்திவிட்டது. அங்கே 'ஆறுதலா' என்றால் மெதுவாக என்று அர்த்தம். நான் கஞ்சியை வேகமாகத் திணித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் தினமும் மதியம் எனக்குத் தமிழ் வகுப்பு. கெதியா என்றால் சீக்கிரம். பேந்து என்றால் அப்புறம். பெடியன் என்றால் பையன். பேசக் கூடாது, கதைக்கவேண்டும். நான் 'ஆமாம்' என்றால் அவர் 'ஓம்' என்று திருத்துவார். பதினோராம் நாளோ என்னவோ, பாடத்துக்கு நடுவே ஆச்சி தானாகச் சொல்ல ஆரம்பித்தார். 1999 நவம்பர் 20 இரவு மடுக் கோயிலில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்து ஏறக்குறைய நாற்பது பேர் செத்துப்போனார்கள். அதை நான் போகுமுன் படித்திருந்தேன். ஆச்சி சொன்னது இதுதான்: "நான் அண்டைக்கு உள்ளதான் படுத்திருந்தனான். பெடியன் தண்ணி கேட்டவன், எடுக்க எழும்பினன். பேந்து ஒண்டும் தெரியேல்ல." கொஞ்ச நேரம் கழித்து, கஞ்சி ஆறிவிட்டது என்றார்.

இதனோடு அண்ணன் சொன்ன ஒன்றைச் சேர்த்துப் பார்க்கிறேன். ஒருநாள் இரவுப் பவனியில் அவன் இழுத்த வண்டியில் இத்தாலிக்காரப் பெரியவர் ஒருவர். பவனி முடிந்தும் அவன் கையை விடாமல் ஐந்து நிமிடம் ஏதோ சொல்லியிருக்கிறார், கண்ணில் தண்ணீர். அண்ணனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மொழிபெயர்க்க ஆள் தேடுவதற்குள் அவரை உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். அவனுக்கு அதுதான் அந்தப் பயணத்தின் உச்சம். "புரியாததாலதாம்மா அது அவ்வளவு பெருசு" என்கிறான். நானும் அவனும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அந்தப் பெரியவர் என்ன சொன்னார் என்பதுதான் முக்கியம். ஒருவேளை கால் வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

ஆகவே, எங்கே போகலாம் என்று கேட்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: அங்கே உங்களிடம் ஒருவர் பேசினால் உங்களுக்கு விளங்குமா? வண்டி இழுக்க மொழி வேண்டாம், சாப்பாடு பரிமாறவும் மொழி வேண்டாம். படுத்திருப்பவர் பக்கத்தில் உட்கார மொழி வேண்டும். அந்தக் காலத்தில் மறைபணிக்கு வந்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1687-ல் கூலியாள் வேடத்தில் இலங்கைக்குக் கடல் தாண்டிய புனித யோசேப் வாஸ், தமிழும் சிங்களமும் கற்றுக்கொண்டுதான் அங்கே காலம் தள்ளினார். ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவரைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவர்களுக்கு ஆயுள் முழுக்க நேரம் இருந்தது. நமக்கு இருப்பது லீவு. அந்த லீவில் மொழி படிக்க முடியாது என்றால், ஏற்கெனவே தெரிந்த மொழி பேசுகிற இடத்துக்குப் போவதே எனக்குப் புத்தியாகப் படுகிறது.

ஒரே மொழி என்பதில் ஆபத்தும் இருக்கிறது. டிவியில் பார்த்ததை வைத்து எல்லாம் தெரிந்த மாதிரி நான் ஒருநாள் போரைப் பற்றி வாய் திறந்தேன். "முதல்ல கேளுங்கோ பிள்ளை" என்று சிஸ்டர் மெல்ல அடக்கினார். இன்னொன்று, எனக்குத் தெரிந்தது மன்னார் பக்கத்தில் ஒரு வீடு மட்டும். மலையகத்துத் தோட்டங்களிலோ மட்டக்களப்பிலோ இதே அனுபவம் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

லூர்தே சரியென்று நான் அனுப்பிவைக்கிற ஆட்களும் உண்டு. நர்சிங் படித்தவர்கள், ஆங்கிலமோ பிரெஞ்சோ தடையில்லாமல் வருகிறவர்கள், அட்டவணை இல்லாமல் இருப்புக்கொள்ளாதவர்கள், வருஷா வருஷம் திரும்பிப்போக வசதியுள்ளவர்கள். ஒரே தரம் போய்வருவதைவிடத் தொடர்ந்து வருகிறவர்களைத்தான் அந்தச் சபை எதிர்பார்க்கிறது. அண்ணன் இரண்டாம் தடவைக்கு லீவு சொல்லிவிட்டான். கூட்டமும் பாட்டும் பல நாட்டு நண்பர்களும்தான் வேண்டுமென்றால், 2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை சியோலில் உலக இளையோர் நாள் நடக்கிறது, இப்போதே மறைமாவட்ட இளைஞர் பணிக்குழுவில் பெயர் கொடுங்கள். இது ஒன்றும் வேண்டாம் என்றால் அப்பா சொல்கிற யோசனை இருக்கிறது: ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு ரோட்டோரம் உட்கார்ந்து காலில் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டாலே போதும், பாஸ்போர்ட் எதற்கு என்பார். பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதையும் செய்கிறேன்.

கிளம்புகிற அன்று ஆச்சி என்னிடம் கேட்டது வேளாங்கண்ணி எண்ணெய். போன மாதமே வாங்கி, மூடியில் மெழுகு ஊற்றி, பீரோவில் வைத்திருக்கிறேன். கப்பலில் எண்ணெய் பாட்டில் விடுவார்களா என்று நாகைக்குப் போகும்போது விசாரிக்கவேண்டும்.