திருமங்கலம் ஜெராக்ஸ் கடையில் லினக்ஸ் மின்ட்: ஐந்து மாத அனுபவம்

திருமங்கலத்தில் பத்திர ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தம், காதணி விழா அழைப்பு, கட்சி நோட்டீஸ் எல்லாம் உண்டு. எந்தக் கட்சிக்கும் அடித்துக் கொடுப்பேன். முன்பணம் மட்டும் எல்லோரிடமும் கேட்பேன்.

கடைக் கம்ப்யூட்டர் நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது. 11-ஐப் போட இந்தப் பழைய பெட்டிக்குத் தகுதி இல்லையாம். இருந்ததும் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் இல்லை, ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு பையன் போட்டுவிட்டுப் போன கிராக். 'ஆக்டிவேட் செய்யவும்' என்று வலது மூலையில் எழுத்து வருஷக்கணக்காக நின்றது. அதை எதிரில் வைத்துக்கொண்டுதான் ஓர் உள்ளாட்சித் தேர்தலில் 'ஓட்டுக்குப் பணம் வாங்காதீர்' நோட்டீஸ் ஆயிரம் அடித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டது லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளம், அதிலும் பழைய பெட்டிக்கு ஏற்ற எக்ஸ்எஃப்சிஇ வகை. பென்டிரைவிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் ஏற்றிக்கொள்ளலாம். முன்பெல்லாம் ஆன் செய்துவிட்டுப் போய் டீ குடித்து வரலாம். இப்போது சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவதற்குள் தயார். இதில் பாதிப் புண்ணியம் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் புதிதாக மாட்டிய வேகமான எஸ்.எஸ்.டி.க்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கை என்னுடையது; தமிழ்99-ஓடு பழைய தட்டச்சு முறையும் இருந்ததால் கை தடுமாறவில்லை. பாமினியில் அடித்த பழைய கோப்புகளுக்கு அந்த எழுத்துருவைக் காப்பி செய்து போட்டால் போதும்.

அடி வாங்கியது ஒரு முத்திரைத்தாளில். ஒருவர் பென்டிரைவில் வாடகை ஒப்பந்தம் கொண்டுவந்தார், 'லதா' எழுத்துருவில் அடித்தது. லதா மைக்ரோசாஃப்டின் சொத்து, மின்டில் வராது. இதில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸ் வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுக் காட்டியது. அதன் அகலம் வேறு. கீழே சாட்சிக் கையெழுத்துக்கு விட்ட இடம் இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிட்டது. பிரிவியூ பார்க்காமல் அடித்தது என் தப்பு. தாள் காசு என் கையிலிருந்து. ஆங்கிலக் கோப்பில் இந்தத் தொல்லை குறைவு. காலிப்ரி இல்லாவிட்டால் அதே அகலத்தில் கார்லிட்டோ வந்து நிற்கும், வரி நகராது. தமிழுக்கு அந்த வசதி இல்லை. இப்போது எல்லோரிடமும் பிடிஎஃப் கேட்கிறேன். லேசர் பிரிண்டர் இரண்டு நாள் மக்கர் செய்தது. அந்தக் கம்பெனி பெயர் வேண்டாம், லினக்ஸுக்கு ஒழுங்கான டிரைவர் தரவில்லை. டேலி கணக்கு மென்பொருள் ஓட்டுகிறவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

சாயங்காலம் பருத்திப்பால் குடிக்க வரும் தோழர் ஒருவருக்கு இதில் ஏக சந்தோஷம். "இப்பத்தாண்ணே நம்ம பக்கம் வந்திருக்கீங்க" என்றார். காசில்லாமல் கிடைத்ததே என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. காசில்லாததுக்கும், யாரும் நிரலைப் பார்த்து மாற்றிப் பகிரலாம் என்கிற கட்டற்றதுக்கும் இங்கிலீஷில் 'ஃப்ரீ' என்று ஒரே சொல்லாம், அதனால்தான் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் காலத்திலிருந்து விளக்கிக்கொண்டே இருக்கிறார்களாம். நமக்கென்ன குறை? இலவசம் இருக்கிறது, கட்டற்றது இருக்கிறது, நடுவில் அரசாங்கம் கொடுத்த 'விலையில்லா' வேறு. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அக்கா மகள் வாங்கிய மறுவாரமே அதை அழித்துவிட்டு கிராக் போட்டுக் கொடுத்தது நான்தான். தோழரிடம் இதைச் சொல்லவில்லை.

லினக்ஸின் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்றதும், "தொறந்து கெடந்தா திருடன் வரமாட்டானா?" என்று பத்திர எழுத்தர் ஒருவர் கேட்டார். வருவான். 2024 மார்ச்சில் லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சின்ன நிரலில் ஒருவன் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவனாகப் பழகிக் கள்ளவாசல் வைத்திருந்தது வெளியே வந்தது. லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று நோண்டிப் பார்த்துப் பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட், மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர்! உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடிந்ததால் பிடித்தார். எழுத்தர் தலையாட்டிவிட்டு, "கலர் ஜெராக்ஸ் எவ்வளவு?" என்றார்.

போன வாரம் அந்த ஐந்நூறு ரூபாய்ப் பையன் கடைக்கு வந்தான். திரையையே பார்த்துக்கொண்டு நின்றவன், "மூலையில எழுத்தக் காணோமேண்ணே, எந்தக் கிராக் இது?" என்றான். கிராக்கே இல்லடா என்றேன். நம்பாமல் பென்டிரைவை நீட்டினான், எனக்கும் காப்பி போட்டுக் கொடுங்கள் என்று. போட்டுக் கொடுத்தேன்.