கிரீன்ஸ்போரோ: நால்வர் அமர்ந்த உணவு மேடையின் முன்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் கிரீன்ஸ்போரோ நகரில், பழைய வுல்வொர்த் கடைக் கட்டடத்திலேயே 2010 முதல் இயங்கிவரும் குடிசார் உரிமைப் போராட்ட அருங்காட்சியகம் அவசியம் காண வேண்டிய இடம். 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் காபி கேட்டு, மறுக்கப்பட்ட பின்னும் எழாமல் அமர்ந்திருந்த, வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறப்பட்டுவந்த உணவு மேடை (அதன் ஒரு பகுதி வாஷிங்டனில் உள்ளது) அதே இடத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. வசைகளுக்கு நடுவிலும் கையோங்காத அந்த அமைதி செய்தித்தாள்கள் வழியே பரவி, பல நகரங்களில் மாணவர்களை அவ்வாறே அமரச் செய்ததையும், விற்பனை சரிந்த கடை அதே ஆண்டு ஜூலை 25 அன்று தன் நிறப் பாகுபாட்டைக் கைவிட்டதையும் வழிகாட்டி விளக்கியபோது என் கண்கள் கலங்கின. வன்கொடுமைப் படங்கள் உள்ள பகுதிக்குச் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லாதிருப்பது நல்லது.