'டேங்க்' என்ற பெயரை நம்பிக் கில்ட் வாங்காதீர்கள்

ஸ்காட்லாந்தில் கில்ட் (ஆண்கள் இடுப்பில் அணியும், மடிப்பு வைத்த பாவாடை போன்ற உடை) வாங்க நினைப்பவர்கள் கடைக்காரர் சொல்லும் செல்லப்பெயரைக் கேட்டுப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். எட்டு கஜம், கஜத்துக்கு 16 அவுன்ஸ் கனமுள்ள கம்பளித் துணி, கையால் தைத்தது. இப்படிப்பட்ட கில்டைத்தான் அணிந்து பழகியவர்கள் 'டேங்க்' என்பார்கள். ஐந்து கஜத்தில் இலேசாகத் தைப்பது 'கேஷுவல்'. இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எடின்பரோ கடை ஒன்றில் நான் அளவு கொடுத்துப் பணம் கட்டியது முதல் வகைக்கு. ரசீதிலும் 'டேங்க், 8 கஜம், கம்பளி' என்றே எழுதியிருந்தது. வந்த பெட்டியைத் தூக்கியதுமே சந்தேகம்.

கில்ட் துணி பெரும்பாலும் இரட்டை அகலத்தில் வரும். அதில் நான்கு கஜம் எடுத்து, நீளவாக்கில் இரண்டாக வெட்டி இணைத்தால் எட்டு கஜம். அவுன்ஸ் கணக்கு இந்த இரட்டை அகலத் துணியின் கஜத்துக்குத்தான். ஆக, 16 அவுன்ஸ் துணி என்றால் மொத்தம் 64 அவுன்ஸ், ஏறத்தாழ 1.8 கிலோ. தையலில் கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் பாதியாகக் குறையாது. என்னுடையது சமையலறைத் தராசில் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. கீழ் விளிம்பில் நாடாவை ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் விட்டு அளந்தேன். ஐந்து கஜம்கூடத் தேறவில்லை. நல்ல கில்டில் துணியின் நெய்த கரையே கீழ் விளிம்பாக இருக்கும். இதிலோ ஓரத்தை மடித்து இயந்திரத்தில் அடித்திருந்தார்கள். ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வந்து சாம்பலாக உதிரும். இது உருகிக் கறுப்பு உருண்டையாகிவிட்டது. அசல் பாலியஸ்டர் கலப்பு!

கடைக்காரரின் பதில்தான் உச்சம்: "எட்டு கஜம் என்பது தையல் பாணியின் பெயர், ஐயா. அளவு ஆளுக்கு ஆள் மாறும்." இதில் பாதி உண்மை. டார்ட்டன் எனப்படும் கில்ட் துணியின் கட்டம் போட்ட வடிவத்தின் அளவையும் இடுப்பையும் பொறுத்து ஒரு கஜம் முன்பின் ஆகும்தான். அதற்காகப் பாதித் துணியை விழுங்குவதா? கம்பளி என்று எழுதியதற்கு அவரிடம் பதிலே இல்லை.

அடுத்து, அளவெடுத்துத் தைத்ததைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார். மனம் மாறித் திருப்புவதற்குத்தான் அது பொருந்தும். சொன்னபடி பொருள் இல்லையென்றால், பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அளவெடுத்துத் தைத்ததும் இதில் அடங்கும். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியும் பொறுப்பு. ரசீது, தராசுப் படம், நாடாப் படம் மூன்றையும் இணைத்து இரு இடத்துக்கும் எழுதினேன். வங்கி பணத்தைத் திருப்பியது; கடையிலிருந்து இன்றுவரை ஒரு வரி பதில் இல்லை.

நீங்கள் வாங்கும்போது துணியின் அவுன்ஸ், கஜம், நூல் வகை மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.