பெர்சோனா 4 கோல்டன்: பள்ளிக்கூட நாட்காட்டிதான் வில்லன்

2008இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த பெர்சோனா 4 என்ற வீடியோ விளையாட்டின் விரிவாக்கம் இது. 2020 முதல் கணினி விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் தளத்திலும் கிடைக்கிறது. 14 ஜிபி இடம் வேண்டும். தமிழ் வரிகள் கிடையாதுங்க, ஆங்கிலம் படிக்கச் சலிப்பிருந்தால் வாங்காதீர்கள். முதல் சில மணிநேரம் வெறும் பேச்சுதான்.

நகரத்துப் பையன் ஒரு வருஷம் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறான். ஊரில் பெரிய அங்காடி வந்ததும் பழைய கடைவீதி படுத்துவிட்டது. கோபி, பொள்ளாச்சிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஊரில் சிலரைக் கடத்தி டிவிக்குள் இருக்கும் உலகில் தள்ளுகிறார்கள். அங்கிருக்கும் நிலவறைகளில் சண்டையிட்டு அவர்களை மீட்க வேண்டும். பள்ளி விட்டதும் ஒரு வேலை, இரவில் ஒன்று. அவ்வளவுதான் நேரம். மழை தொடர்ந்து பெய்து பனிமூட்டம் இறங்கினால் கடத்தப்பட்டவர் செத்தார், ஆட்டம் முடிந்தது. எனவே வானிலை அறிவிப்பைப் பார்த்து, நிலவறையை ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடுங்கள். பலரும் தடுமாறுவது எஸ்பி, அதாவது சிறப்புத் திறன்களுக்குச் செலவாகும் சக்தி, தீர்ந்துபோய்த்தான். ஆட்டத்தில் வரும் நரி ஒன்று காசு வாங்கிக்கொண்டு அதை நிரப்பும். அதனோடு நட்பு வளர்ந்தால் கட்டணம் குறையும், அதற்குக் கோயிலில் ஊரார் வைத்த வேண்டுதல்களை முதலில் முடியுங்கள்.

நண்பரைப் பார்க்கப் போகும்போது அவருடைய ஆர்க்கானாவை (டாரட் சீட்டுப் பெயர் கொண்ட வகை) சேர்ந்த பெர்சோனா (உங்களுக்காகச் சண்டையிடும் உருவம்) கையில் இருக்கட்டும், நட்பின் படி சீக்கிரம் ஏறும். மழை நாளில் 'ஐயா' என்ற உணவகத்தின் ராட்சத மாட்டிறைச்சிக் கிண்ணம் அறிவு, துணிச்சல் உட்படப் பல குணங்களைச் சேர்த்து உயர்த்தும். மேரி என்ற பெண்ணின் நட்பை டிசம்பர் 23க்குள் பத்தாம் படிக்குக் கொண்டுபோகாவிட்டால் கூடுதல் நிலவறை திறக்காது. திரும்பிப் போக வழியில்லை, ஆட்டத்தைத் தனித்தனியாகச் சேமித்து வையுங்கள்.

நிலவறைகள் மட்டும் ஒரே மாதிரி நடைபாதைகள். சுத்த அலுப்பு.