காப்பிரைட் பதிவும் ஐபிஆர்எஸ் உறுப்பினர் சேர்க்கையும்: இரண்டையும் முடித்தவனின் ரிவ்யூ

பாட்டைக் காப்பிரைட் அலுவலகத்தில் பதிந்ததும், பாட்டுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் சேர்ந்ததும் எப்படி இருந்தது என்று, சொந்தமாகப் பாட்டு செய்து யூடியூபில் ஏற்றுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் பாட்டு யாருடையது என்று எழுதிய ஒரு தாளாவது உங்களிடம் இருக்கிறதா? என்னிடம் நாலு வருஷம் இல்லை.

2019இல் நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு பாட்டு செய்தோம். மெட்டு என்னுடையது, வரிகள் அவனுடையது, ரெக்கார்டிங் செலவு முழுக்க ஒரு சின்ன ஆல்பம் சேனல்காரர் பார்த்துக்கொண்டார், கையில் எட்டாயிரம் கொடுத்தார், நாங்களும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். கையெழுத்து, ஒப்பந்தம் ஒன்றும் கிடையாது. பாட்டு ரெண்டு வருஷம் அப்படியே கிடந்தது. அப்புறம் திடீரென்று ரீல்ஸில் ஓட ஆரம்பித்து, கல்யாண வீடியோ, ஊர்த் திருவிழா என்று எங்கே திரும்பினாலும் காதில் விழுந்தது. போன் போட்டுக் கேட்டால், "அதான் அன்னிக்கே செட்டில் பண்ணிட்டேனே தம்பி" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி தப்பு என்பது அன்றைக்கு எங்களுக்கே தெரியாது.

சட்டப்படி ஒரு பாட்டு என்பது மூன்று சொத்து. வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, பதிவான ஒலி தனி. செலவு செய்து பதிவு செய்தவருக்கு அந்த ஒலிப்பதிவு சொந்தம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மெட்டையும் வரிகளையும் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். நாங்கள் எதிலும் கையெழுத்துப் போடவே இல்லையே! அதற்கும் மேலே, 2012 சட்டத் திருத்தம் வந்த பிறகு, உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டால்கூட ராயல்டியில், அதாவது பாட்டைப் பயன்படுத்துகிறவர்கள் கொடுக்கும் பணத்தில், பாட்டு எழுதியவருக்கும் மெட்டு போட்டவருக்கும் உள்ள சம பங்கை யாரும் பிடுங்க முடியாது. வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கும் காப்பிரைட் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை விட்டுக்கொடுக்கவும் முடியாது. இது தெரியாமல் எத்தனை பேர் "மொத்தமா கொடுத்தாச்சு" என்று சும்மா இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

சரி, பதிவுச் சேவைக்கு வருகிறேன். டெல்லியில் இருக்கும் காப்பிரைட் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியதில்லை, எல்லாம் ஆன்லைன். வரிகளுக்கு 500 ரூபாய், மெட்டுக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000. மூன்றையும் பதிந்தால் ஒரு பாட்டுக்கு 3,000. நாங்கள் முதல் இரண்டை மட்டும் பதிந்தோம், ஒலிப்பதிவு எங்களுடையது இல்லை என்பதால். விண்ணப்பத்தைப் படிவம் 14 என்பார்கள், ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும். தமிழில் ஒரு விளக்கக் குறிப்பாவது கொடுத்தால் எத்தனையோ கிராமியக் கலைஞர்களுக்கு உதவியாக இருக்கும், இதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன்.

மெட்டைப் பதிய நான் அதை ஸ்வரமாக எழுதி பிடிஎஃப் ஆக்கினேன். ரெண்டு நாள் ஆனது. சரணத்தில் ஒரு இடம், பாடும்போது நிஷாதத்தை லேசாக இழுத்து இறங்குவேன், அதைத் தாளில் எப்படிக் காட்டுவது என்று ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஆனால் அப்படி எழுதிப் பார்த்த பிறகுதான் என் மெட்டு எனக்கே முழுசாகத் தெரிந்தது. பணம் கட்டியதும் டைரி எண், அதாவது உங்கள் விண்ணப்பத்தின் எண், வரும். அதன் பிறகு யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் கட்டாயமாகக் காத்திருக்க வேண்டும், அப்புறம்தான் பரிசீலனை. நாளைக்கே ரிலீஸ், இன்றைக்குப் பதிவு என்று கணக்குப் போடாதீர்கள்.

பதிந்தால்தான் உரிமை என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை, பாட்டு பிறந்தபோதே உரிமையும் வந்துவிடும். பின்னே எதற்கு 500 ரூபாய் என்றால், நாளைக்குத் தகராறு வந்தால் அந்தப் பதிவேட்டு நகலை நீதிமன்றம் முதல்நிலைச் சான்றாக ஏற்கும். இல்லை என்று சொல்கிறவர்தான் அதை உடைக்க வேண்டும். வசதியில்லாதவனுக்கு அது பெரிய பலம். இன்னொன்று, பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் கொடுக்கிற 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணைக் காட்டி "பதிஞ்சாச்சு" என்று நிறைய பேர் சொல்கிறார்கள். அது அந்த ஒலிப்பதிவின் அடையாள எண், அவ்வளவுதான். உங்களை உரிமையாளர் ஆக்காது.

ஆனால் அந்தப் பதிவேட்டு நகல் பணம் கொண்டுவராது, அதற்குத்தான் ஐபிஆர்எஸ். 1969இல் தொடங்கிய சங்கம், 2017இல் திருத்தப்பட்ட சட்டத்தின்கீழ் மறுபடி பதிவானது. வானொலி, டிவி, ஹோட்டல், மேடை நிகழ்ச்சி, ஸ்ட்ரீமிங் என்று பல இடங்களில் வசூலித்து பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பிரித்துத் தருகிறார்கள். பான் கார்டு, வங்கி விவரம், வெளியான பாட்டின் விவரம் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் யாருக்கு எத்தனை பங்கு என்று தனித்தனியாக ஏற்ற வேண்டும். பாடகர்கள், வாத்தியக் கலைஞர்கள் என்றால் ஐசாம்ரா என்ற வேறு சங்கம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். அப்பத்தா பாடிய தாலாட்டையும் ஊரே பாடும் ஒப்பாரியையும் உங்கள் மெட்டு என்று பதியாதீர்கள். நீங்கள் சேர்த்தது எதுவோ அது மட்டும்தான் உங்களுடையது.

இப்போதெல்லாம் ரெக்கார்டிங் அன்றைக்கே, டீ இடைவேளையில், ஒரு ஏ4 தாளில் மெட்டு, வரி, குரல், தவில், யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதி, தேதி போட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். முதல் தடவை தவில் அண்ணனிடம் நீட்டியபோது, இத்தனை வருஷத்தில் யாரும் தன் பெயரை எழுதிக் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கி, இனிஷியலோடு முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார்.

அந்த 2019 பாட்டின் வரிகளையும் மெட்டையும் 2023இல்தான் பதிந்தோம், தாமதமாகவும் பதியலாம். பதிவேட்டு நகல் மெயிலில் வந்த அன்றைக்கே நண்பன் அதை பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து, வீட்டில் ரேஷன் கார்டு வைக்கிற பெட்டியில் வைத்துவிட்டான்.