சோபாவுக்கு மேல் நாலடி, பார்சலில் இரண்டடி: தஞ்சாவூர் ஓவியம் ஆன்லைனில் வாங்குவோர் கவனத்துக்கு

தஞ்சாவூர் ஓவியம் வாங்கும்போது தங்கம் அசலா, கல் அசலா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் விற்பனைப் பக்கத்தில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ ஒரு படம் இருக்குமே, சோபா, குத்துவிளக்கு, மூலையில் ஒரு பச்சைச் செடி, நடுச்சுவரில் கம்பீரமாக ஓவியம், அந்தப் படத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. பணம் போவது பல நேரம் அந்த ஒரு படத்தை நம்பித்தான்.

சென்னைப் புறநகரில் புது ஃப்ளாட்டுக்குக் குடிபோன ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறோம். கஜலட்சுமி ஓவியம், ஹாலில் மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு மேல் மாட்டுவதற்காக வாங்கினார்கள். விற்பனைப் பக்கத்தில் இருந்த அறைப் படத்தில் ஓவியம் சோபாவின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, சுவரை நிறைத்துக்கொண்டு இருந்தது. விவரப் பகுதியில், 'மேலும் படிக்க' என்று அழுத்தினால் திறக்கும் இடத்தில், 24×18 என்று மட்டும் இருந்தது. அங்குலமா, ஃப்ரேம் சேர்த்தா இல்லையா, எதுவும் இல்லை. பார்சலைப் பிரித்தால் ஃப்ரேமோடு சேர்த்து 24×18 அங்குலம். தேக்கு ஃப்ரேம் நாலு பக்கமும் இரண்டரை அங்குலம் எடுத்துக்கொள்ள, உள்ளே ஓவியம் 19×13. சுவரில் மாட்டினால் காலண்டர் அளவுக்குத் தெரிந்தது. கடைக்காரரிடம் கேட்டபோது வந்த பதில்: "அளவு போட்டிருக்கிறோம், அறைப் படம் மாதிரிக்காக மட்டும்." திருப்பி அனுப்பலாம், ஆனால் வழியில் கண்ணாடி உடைந்தால் பணம் கிடையாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

மாதிரிக்காக என்றாலும் மாதிரிக்கு ஓர் அளவு உண்டு. அந்தப் படத்தில் அது என்ன என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெரிதாக்கி, திரையின் மேலேயே பள்ளிக்கூட ஸ்கேலை வையுங்கள். சோபாவின் முதுகுப் பகுதி இடமிருந்து வலம் எத்தனை சென்டிமீட்டர், ஓவியம் எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். அந்தக் குடும்பம் பார்த்த படத்தில் சோபா 12, ஓவியம் 5.1. மூன்று பேர் உட்காரும் சோபா பொதுவாக 84 அங்குலம், அதாவது ஏழடி. 84-ஐ 5.1-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 35.7. ஆக, படத்தில் காட்டியது 36 அங்குல அகலம், 48 அங்குல உயரம் கொண்ட ஓவியம். வந்தது 18 அங்குல அகலம். நீளத்தில் பாதி, பரப்பில் கால்வாசி.

'அது சின்ன சோபா' என்று பதில் வரலாம். 72 அங்குலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் ஓவியம் 30 அங்குலத்துக்கு மேல் வருகிறது. 18 அங்குல ஓவியம் அந்தப் படத்தில் உண்மையாக இருக்க வேண்டுமானால் சோபா மூன்றரை அடிதான் இருக்க முடியும். மூன்றரை அடியில் மூன்று பேர் உட்கார முடியாது. இன்னொன்று: சோபா சுவருக்கு முன்னால், கேமராவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பதால் உள்ளதைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும். அதனால் இந்தக் கணக்கில் ஓவியத்தின் அளவு குறைத்துத்தான் வரும். பிழை விற்பவருக்குச் சாதகமாக இருந்தும் 36 வருகிறது. சோபாவின் முன் விளிம்பை அளக்காமல் சுவரை ஒட்டிய முதுகை அளக்கச் சொல்வது இந்தப் பிழையைக் குறைக்கத்தான். படத்தில் கதவு தெரிந்தால் இன்னும் நல்லது. நம் ஊர்க் கதவு ஏழடி. தரை டைல்ஸ் இரண்டடிக்கு இரண்டடி என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சுவரை ஒட்டிய வரிசையை மட்டும் அளங்கள். ஒன்றுக்கு இரண்டு பொருளை வைத்துப் பார்த்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே விடை தந்தால் அதை நம்பலாம்.

இப்படிப்பட்ட படங்கள் எப்படித் தயாராகின்றன என்று தெரிந்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வெற்று ஃப்ரேமோடு ஓர் அறை, ஃபோட்டோஷாப் கோப்பாகக் கிடைக்கும். இணையத்தில் இலவசமாகவும் உண்டு, காசுக்கும் உண்டு. ஃப்ரேமுக்குள் 'ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்' என்று படத்தை மாற்றி வைப்பதற்கான ஓர் அடுக்கு இருக்கும். அதைத் திறந்து, ஓவியத்தின் படத்தை ஒட்டி, சேமித்தால் முடிந்தது. சுவரின் நிழல், விளக்கின் சாய்வு எல்லாம் தானாக வந்து உட்காரும். ஓவியம் எத்தனை அங்குலம் என்று அந்தக் கோப்புக்குத் தெரியாது. ஓரடி ஓவியத்தை வைத்தாலும் நாலடி ஓவியத்தை வைத்தாலும் ஃப்ரேம் அதேதான்.

தஞ்சாவூர் ஓவியங்களில் இது எளிதாக மறைந்துகொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 16×12, 24×18, 48×36 மூன்றும் நாலுக்கு மூன்று என்ற ஒரே விகிதம். ஒன்றின் இடத்தில் இன்னொன்று எந்தக் கோணலும் இல்லாமல் பொருந்திவிடும். 20×16, 36×24 போன்றவை வேறு விகிதங்கள். அவற்றை அதே ஃப்ரேமில் திணித்தால் தடயம் விழும். அம்மன் முகம் பக்கவாட்டில் விரிந்திருக்கும், அல்லது மேலே உள்ள வளைவின் உச்சி வெட்டுப்பட்டிருக்கும், அல்லது இரண்டு பக்கத் தூண்களில் ஒன்று பாதி காணாமல் போயிருக்கும். தனி ஓவியப் படத்தையும் அறைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தூண்களைப் பாருங்கள். இப்போது ஏஐ வைத்து அறைப் படம் செய்கிறவர்களும் வந்துவிட்டார்கள். அதில் ஓவியமே மாறிவிடுகிறது: கிரீடத்தில் கல் வரிசை கூடும் குறையும், கைவிரல்கள் ஒட்டிக்கொள்ளும், யானைத் தும்பிக்கையின் வளைவு வேறாகும். கற்களை எண்ணிப் பார்த்தால் போதும்.

ஒரே விற்பனைப் பக்கத்தில் மூன்று அளவுகள் தேர்வு செய்ய முடிகிறதா? அளவை மாற்றி மாற்றி அழுத்துங்கள். அறைப் படம் அசையாமல் அப்படியே இருந்தால் அது அளவு காட்டும் படமே இல்லை. உண்மையாக விற்கிறவர்கள் ஒவ்வோர் அளவுக்கும் தனி அறைப் படம் போடுகிறார்கள், அல்லது ஓவியத்தை ஓர் ஆள் கையில் பிடித்திருக்கும் புகைப்படம் போடுகிறார்கள். இரண்டாவதை நாங்கள் அதிகம் நம்புகிறோம்.

'உங்கள் சுவரிலேயே பாருங்கள்' என்று கேமராவைத் திறக்கும் வசதி சில தளங்களில் இருக்கிறது. இதில் இரண்டு வகை. ஒன்று, கேமரா காட்சியின் மேல் ஓவியத்தை வெறுமனே மிதக்கவிடுவது. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கலாம். அப்படி இழுக்க முடிந்தால் அது அளவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, மூடிவிடுங்கள். இன்னொன்று உண்மையான ஏஆர் (ஆக்மென்டட் ரியாலிட்டி): போன் சுவர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஓவியத்தை அதன் அளவில் அங்கே பதிக்கும். இதுவும் ஏமாற்றும், விற்பவர் எண்ணாவிட்டாலும் ஏமாற்றும். வெறும் வெள்ளைச் சுவரில் கேமரா பற்றிக்கொள்ளப் புள்ளிகளோ கோடுகளோ இல்லை, அதனால் தூரத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ளும். சுவர் மூன்று மீட்டரில் இருக்க, போன் இரண்டரை மீட்டர் என்று எண்ணிவிட்டால் ஓவியம் 20 சதவீதம் பெரிதாகத் தெரியும். 18 அங்குலம் ஏறத்தாழ 22 ஆகிவிடும். ஐபோன் 12 ப்ரோவிலிருந்து ப்ரோ மாடல்களில் உள்ள லைடார் என்ற லேசர் சென்சார், தூரத்தை நேரடியாக அளப்பதால் இந்தக் கோளாறு குறைவு. மற்றப் போன்களில் முதலில் சுவரில் ஒரு காலண்டரோ நாலைந்து காகிதமோ ஒட்டி, பகல் வெளிச்சத்தில், போனை இடம் வலமாக மெதுவாக நகர்த்திக் காட்டிய பிறகு ஓவியத்தை வையுங்கள். வைத்ததும் பக்கவாட்டில் நாலு எட்டு நடந்து பாருங்கள். ஓவியம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டே போனால் தூரம் தப்பு.

இது எதுவும் வேண்டாம், ஏ4 தாள் இருந்தால் போதும் என்பவர்களுக்கு: நாலு தாளை இரண்டுக்கு இரண்டாக நெட்டுவாக்கில் ஒட்டினால் 59.4×42 சென்டிமீட்டர் வரும். 24×18 அங்குலம் என்பது 61×46 சென்டிமீட்டர், ஏறக்குறைய அதே. 48×36-க்குப் பதினாறு தாள் வேண்டும். அந்தக் குடும்பம் பதினாறு தாள் ஓவியத்தைப் படத்தில் பார்த்து, நாலு தாள் ஓவியத்தை வாங்கியிருக்கிறது. ஃப்ரேமைக் கழித்தால் ஏறக்குறைய இரண்டரைத் தாள். பெயிண்ட் உரியாத காகித டேப்பால் தாள்களை ஒட்டி, ஒரு நாள் முழுக்கச் சுவரில் விட்டுவையுங்கள். வாசலில் இருந்து பாருங்கள், சோபாவுக்கு எதிரே உட்கார்ந்து பாருங்கள்.

ஓவியத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்றால், சுவரில் ஒரே ஓர் ஏ4 தாளை ஒட்டிப் புகைப்படம் எடுங்கள். பத்தடி தள்ளி நின்று, தாளின் உயரத்துக்கே போனைப் பிடித்து, நேருக்கு நேராக. 0.5 லென்ஸ் வேண்டாம், ஓரங்களை இழுத்துவிடும், 1-ல் எடுங்கள். பிறகு ஏதாவது ஒரு எடிட்டிங் செயலியில் ஓவியத்தின் படத்தை மேலே வைத்து, அதன் உயரம் தாளின் உயரத்தைப்போல் 2.05 மடங்கு இருக்கும்படி சுருக்குங்கள். அதுதான் 24 அங்குலம். வேறு அளவு என்றால் அங்குலத்தை 2.54-ஆல் பெருக்கி 29.7-ஆல் வகுத்தால் மடங்கு கிடைக்கும். தாளுக்குப் பக்கத்திலேயே ஓவியத்தை வையுங்கள். சுவரின் மூலைக்குக் கொண்டுபோனால் கணக்கு கொஞ்சம் பிசகும்.

சோபாவுக்கு மேல் எவ்வளவு அகலம் பொருந்தும் என்றால், சோபாவின் மூன்றில் இரண்டு பங்கு. 84 அங்குல சோபாவுக்கு 56 அங்குலம். ஒற்றை 24×18 அங்கே எப்படி மாட்டினாலும் சின்னதாகத்தான் தெரியும். மூன்றை மூன்று அங்குல இடைவெளியில் வரிசையாக மாட்டினால் 60 அங்குலம் வரும், அது அழகாக இருக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வாசலை அடுத்த ஒடுங்கிய சுவரோ பூஜை அறைக்கு வெளிச் சுவரோ அதற்கு ஏற்ற இடம். சாமி படம் என்பதால் கதவு நிலைக்கு மேலே ஏற்றி மாட்டும் பழக்கம் இருக்கிறது. அந்த உயரத்தில் எதிர்ச் சுவர் டியூப்லைட் நேராகக் கண்ணாடியில் விழும். பெரும்பாலான அறைப் படங்களில் கண்ணாடியே இருப்பதில்லை, அதனால் அங்கே எந்தப் பிரதிபலிப்பும் தெரியாது.

தங்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. சுண்ணத் தூளும் பசையும் குழைத்து மேடாக்கி, அதன்மேல் 22 காரட் தங்க ஃபாயில் ஒட்டுவது இந்த ஓவியத்தின் உயிர். அறைப் படத்தில் மேடும் தெரியாது, மினுக்கமும் தெரியாது. அச்சடித்த படத்தை அங்கே வைத்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். போனை அசைத்து எடுத்த வீடியோ ஒன்றைக் கேளுங்கள்: மினுக்கம் இடம் மாற வேண்டும், சாய்வாகப் பார்க்கும்போது அந்த மேட்டின் நிழல் விழ வேண்டும். அறைப் படங்கள் பெரும்பாலும் மஞ்சள் வெளிச்சத்தில் செய்யப்படுகின்றன. நம் வீடுகளில் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு. அதில் தங்கம் வெளிறும். 3000 கெல்வின் விளக்கு ஒன்றை ஓவியத்துக்கென்று போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். வாய்ப்பு இருந்தால் தமிழக அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் விற்பனை நிலையம் ஒன்றுக்குப் போய், அளவு நாடாவோடு, நீங்கள் நினைக்கும் அளவு ஓவியத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்து ஆர்டர் போடுங்கள்.

ஆர்டருக்கு முன் விற்பவரிடம் எழுத்தில் மூன்று கேள்வி கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். அளவு அங்குலமா சென்டிமீட்டரா? ஃப்ரேம் சேர்த்தா, சேர்க்காமல் ஓவியம் மட்டும் எவ்வளவு? அறைப் படம் இந்த அளவுக்குச் செய்யப்பட்டதா? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள். அறைப் படத்தையும், விவரப் பகுதியைத் திறந்த நிலையிலும், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் வந்ததும் அந்தப் படம் விற்பனைப் பக்கத்திலிருந்து காணாமல் போகலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய அம்சங்களோடு பொருந்தாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. விற்பவரின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 'அளவு போட்டிருக்கிறோம்' என்பது அவர்கள் பக்க வாதம், அதற்கு வலு உண்டு. தெளிவாக, அலகோடு, ஃப்ரேம் விவரத்தோடு போட்டிருந்தால் உங்கள் கை தாழும். ஆனால் படமும் விளம்பரம்தான். சோபாக் கணக்கை ஸ்கிரீன்ஷாட்டின் மேலேயே கோடு போட்டு எழுதி, பக்கத்தில் அளவு நாடாவோடு எடுத்த உங்கள் ஓவியப் படத்தை வைத்து அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

அதுவரை ஓவியம் வந்த அட்டைப்பெட்டி, மூலைத் தக்கைகள், கண்ணாடியின் மேல் ஒட்டிய டேப் எதையும் தூக்கிப் போடாதீர்கள். திருப்பி அனுப்பும்போது அதே பேக்கிங்கில், கட்டுவதை முழுக்க வீடியோ எடுத்து, கூரியரில் பொருளின் முழு மதிப்புக்கும் காப்பீடு போட்டு அனுப்புங்கள். வழியில் கண்ணாடி உடைந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழாமல் இருக்க இந்த மூன்றும் வேண்டும்.