நானோ ஜிங்க் அடித்த மூன்று வருடம்

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே எனக்கு இரண்டரை ஏக்கர். ஒன்றரை ஏக்கரில் நெல், மீதியில் நிலக்கடலை. கேரளா என்றதும் வெளியூர்க்காரர்கள் ரப்பரையும் செம்மண்ணையும் நினைத்துக்கொள்கிறார்கள். பாலக்காட்டின் இந்தக் கிழக்கு ஓரத்தில் கரிசலும் உண்டு. என் நிலம் அந்த ரகம். சுண்ணாம்பு கலந்த மண், மண் பரிசோதனை அட்டையில் காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் எட்டைத் தாண்டி நிற்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் ஜிங்க், அதாவது துத்தநாகச் சத்து, இருந்தும் பயிரின் வாய்க்கு எட்டாது. நட்ட மூன்றாவது வாரம் இலையில் துரு ஏறியதுபோல் பழுப்புப் புள்ளிகள் விழும், பயிர் திட்டுத் திட்டாகக் குட்டை கட்டும். 1960-களில் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இது ஜிங்க் குறைபாடு என்று கண்டுபிடிக்கும்வரை பலரும் ஏதோ நோய் என்றே நினைத்திருக்கிறார்கள். என் அப்பாவுக்கு அது கடைசிவரை நோய்தான்.

அடியுரமாக ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட் போடுவது எங்கள் வழக்கம். ஒரு வருடம் உரக்கடையில் மூட்டைக்குப் பதில் அரை லிட்டர் பாட்டிலை நீட்டினார்கள். "நானோ ஜிங்க் ஆக்சைடு, ஏக்கருக்கு ஒரு பாட்டில், சல்பேட்டே வேண்டாம்" என்றார் கடைக்காரர். மூட்டை சுமக்கிற வேலை மிச்சம் என்று வாங்கிவந்தேன். அந்தப் போகத்தில் அடியுர ஜிங்க்கை அடியோடு நிறுத்தினேன். என் முதல் தவறு அதுதான்.

இரண்டாவது தவறு பாட்டிலைக் குலுக்காதது. லிட்டருக்கு 2 மில்லி என்று போட்டிருந்தது. மூடியில் அளந்து, கைத்தெளிப்பானில் கலந்து, ஒரு ஏக்கரையும் முடித்துவிட்டேன். மாலையில் காலி பாட்டிலைக் கழுவும்போது அடியில் இட்லி மாவு காய்ந்ததுபோல் வெள்ளையாக ஒரு கட்டி. குச்சி விட்டுக் கிளறித்தான் எடுக்க முடிந்தது. காசு கொடுத்து வாங்கிய சரக்கில் பெரும்பங்கு அங்கேதான் உட்கார்ந்திருந்தது. பயிருக்குப் போனது அதன் கழுநீர்.

நானோ என்றால் 1 முதல் 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு நுண்ணிய துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளத்தான் பார்க்கும். உப்பு மிகுந்த தண்ணீரில் அது இன்னும் வேகமாக நடக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பே வேகாது. ஒரு கண்ணாடி டம்ளரில் கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் மழைத் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் நாலு சொட்டு விட்டுத் திண்ணையில் வைத்தேன். காலையில் முதல் டம்ளரின் அடியில் வெள்ளைப் படலம், மேலே தெளிந்த தண்ணீர். மற்றது இன்னும் மங்கலாகவே இருந்தது. அன்றிலிருந்து தெளிப்புக்குத் தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீர், அது தீர்ந்தால் வாய்க்கால் தண்ணீர்.

இனி கணக்குக்கு வருகிறேன், கடைக்காரர் சொல்லாத கணக்கு. அந்த பாட்டிலில் ஜிங்க் 1 சதவீதம். அரை லிட்டரில் 5 கிராம். பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட்டில் 21 சதவீதம், அதாவது 2,100 கிராம். ஒரு டன் நெல் விளைய பயிர் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 50 கிராம் ஜிங்க். ஏக்கருக்கு இரண்டு டன் என்றாலும் 100 கிராம் வேண்டும். துகள் எவ்வளவு சிறியதானாலும் 5 கிராம் 100 கிராம் ஆகாது. மண்ணில் போடுவதில் பெரும்பகுதி கரையாமல் கட்டிப்போகிறது, இலை வழியே கொடுத்தால் குறைவே போதும் என்பதெல்லாம் சரி. ஆனாலும் ஐந்தா?

அந்தப் போகம் பழுப்புப் புள்ளி பழையபடியே வந்தது. பாதியில் சுதாரித்து, 0.5 சதவீதம் ஜிங்க் சல்பேட்டுடன் 1 சதவீதம் யூரியா கலந்து இரண்டு முறை அடித்துத்தான் பயிரைத் தேற்றினேன்.

இதில் இன்னொரு குழப்பம். 39.5 சதவீத ஜிங்க் ஆக்சைடு குழம்பு ஒன்றும் கடைகளில் இருக்கிறது. அதுவும் பெயின்ட் மாதிரி வெள்ளை, அதையும் சிலர் நானோ என்றே விற்கிறார்கள். அது நன்றாக அரைத்த ஆக்சைடு, அவ்வளவுதான். ஆனால் அரை லிட்டரில் 300 கிராமுக்கும் மேல் ஜிங்க் இருக்கும். கேலமைன் லோஷனில் இருப்பதும் இதே ஜிங்க் ஆக்சைடுதான். அதை அடித்த மறுநாள் இலையெல்லாம் வெள்ளை பூத்திருக்க, பக்கத்து வயல் மாமா வரப்பில் நின்று, "என்ன மாப்பிள்ளை, பயிருக்கு வேர்க்குருவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாம் வருடத்திலிருந்து முறையை மாற்றினேன். அடியுரமாக ஜிங்க் சல்பேட் உண்டு. டிஏபி என்ற மணிச்சத்து உரத்தோடு கலக்காமல் தனியாக, மணலில் பிசறி. அதற்கு மேல் தூர் கட்டும்போது ஒன்று, கதிர் உள்ளே திரளும் பூட்டைப் பருவத்துக்கு முன் ஒன்று என்று நானோ தெளிப்பு. வயலில் இரண்டு பாத்திகளை மட்டும் தெளிக்காமல் விட்டேன். தெளித்த பக்கம் இலை பச்சை கூடுதல், கண்ணுக்குத் தெரிந்தது. நெல் மூட்டை எண்ணிக்கையில் ஒரு போகம் கொஞ்சம் கூடியது, மற்ற போகங்களில் வித்தியாசம் இல்லை. அந்தக் கூடுதலையும் நானோவுக்கே எழுதிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த முறை ஆழியாற்றுத் தண்ணீரும் நேரத்துக்கு வந்திருந்தது.

நிலக்கடலையில் இரும்பு ஆக்சைடு நானோவையும் பார்த்துவிட்டேன். கொழுந்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்று நிற்கும் செடிக்கு அது எதுவும் செய்யவில்லை. என் சட்டைதான் காவியானது. செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். இரும்புக்குப் பஞ்சமில்லை, கரைவதற்குத்தான் பஞ்சம். எலுமிச்சைச் சாறு பிழிந்த அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல் அடித்தபோது ஒரு வாரத்தில் கொழுந்து தேறியது, விலையும் பாதிக்குக் கீழே.

அடிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். இவ்வளவு நுண்ணிய தூளை மூச்சில் இழுப்பது நல்லதல்ல. தெளிப்பானை வாய்க்காலில் கழுவ வேண்டாம். ஜிங்க் ஆக்சைடும் காப்பர் ஆக்சைடும் தண்ணீரில் வாழ்கிற உயிர்களுக்கு ஆகாது.

இந்தப் போகத்துக்கு ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை தலைகீழாகத் திருப்பி வைப்பது என் மகளின் வேலை. ஜிங்க் சல்பேட் மூட்டை வழக்கம்போல் திண்ணையில் இருக்கிறது.